மாம்பழக் கலர் புடவையில் ஒரு முழம்

அத்தியாயம் 14

பரிமளா அந்த மாம்பழக் கலர் புடவையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கி, மடித்து, மஞ்சள் பைக்குள் வைத்துவிட்டாள் என்பது வாராவாரம் வந்துபோகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் முதல்முறையாக இந்த வீட்டுப் படியேறுகிறவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிட வேண்டியது என் கடமை.

போன ஆவணியில் ஆரணியிலிருந்து களம்பூர் போகிற ரோட்டில், நெல் லாரிக்கு ஒதுங்கப் போய், ஜெகநாதன் மொபெட்டோடு பள்ளத்தில் விழுந்தான். வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு விட்டுப்போனது. கால் இல்லாமல் கைத்தறி கிடையாது, மிதிக்க வேண்டுமே. மாவுக்கட்டோடு அவன் கட்டிலில் கிடக்க, அவன் தறியில் அவன் மனைவி பரிமளா உட்கார்ந்தாள். மூன்று தலைமுறையாக அந்த வீட்டுப் பெண்கள் யாரும் கால் வைக்கக் கூடாத தறிக்குழி அது.

பரிமளாவுக்கு நெசவு புதிது இல்லை. வந்தவாசியில் பிறந்த வீட்டில் அண்ணன்மாரோடு சேர்ந்து நெய்தவள்தான். ஆனால் நிச்சயதார்த்தத்தன்றே மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள்: "எங்க வூட்டுக்கு வந்து பொண்ணு தறியில உக்கார வேணாம். ராணி மாதிரி தார் சுத்திகினு இருந்தா போதும்." ராணி பதினாறு வருஷம் ஊடை நூலைக் குழலில் தார் சுற்றினாள், நீட்டு நூலான பாவைப் பிணைத்தாள், அறுந்த இழை முடிந்தாள். அதற்கெல்லாம் அந்த ஊரில் நெசவு என்று பேர் இல்லை.

அந்த வருஷங்களில் காலை வேளையில் அந்தத் தெருவில் நடந்தால், ஒரே பாட்டு ஒரு வீட்டு ரேடியோவிலிருந்து அடுத்த வீட்டு ரேடியோவுக்குக் கை மாறிக் கை மாறி, தெருக்கோடி வரை நம்மோடு கூடவே வரும். பாட்டுக்கு அடியில் தறிச் சத்தம். நெசவுக்காரனுக்குச் சத்தத்தை வைத்தே எந்த வீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். ஜெகநாதன் கட்டிலில் படுத்துக்கொண்டு தன் தறியின் சத்தத்தைக் கேட்டான். முதல் மாதம் அது தடுக்கித் தடுக்கி விழுந்தது. படுத்த இடத்திலிருந்தே, "பலகைய இன்னும் கொஞ்சம் இழுத்து அடி, பரிமளா" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்குள் குரல் கொடுப்பது குறைந்தது. கார்த்திகையில் நின்றே போனது. மார்கழியில் ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே அசந்து தூங்கிவிட்டான்.

விழித்ததும் அவனுக்குக் கோபம்தான் வந்தது. அடி கொஞ்சம் பிசகினாலும் நெசவுக்காரன் காது தூங்காது. தூங்கிவிட்டது என்றால் அவள் அடி அவ்வளவு சீராகிவிட்டது என்று அர்த்தம். தன் பொண்டாட்டி நன்றாக வேலை செய்கிறாள் என்பதற்காகக் கோபப்பட்ட ஆள் அந்தத் தெருவில் அவன் ஒருவன்தானா என்று எனக்குத் தெரியாது. வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் நெய்த நாலு புடவைகள் நெசவாளர் சங்கத்துக்குப் போயின. நாலிலும் தொங்கிய சீட்டில் 'நெய்தவர்: ஜெகநாதன்' என்று இருந்தது. நாலாவது சீட்டைப் பரிமளா கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். மகள் பானுப்ரியாவைக் கூப்பிட்டு, "ஒரு வெள்ளைப் பேப்பர் குடு" என்றாள். அப்படிப் போனதுதான் சங்கத்தில் சேர அவள் கொடுத்த மனு.

சங்கத்தின் விதி எளிது. மனு போட்டவர் முதல் இழையிலிருந்து கடைசி இழை வரை தன் கையாலேயே நெய்த ஒரு புடவையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். மற்ற உறுப்பினர்கள் முன்னால் பிரித்துப் பார்ப்பார்கள். அதற்கு நாள் குறித்தாயிற்று: தை மாதம், திங்கட்கிழமை, காலை பதினொரு மணி.

இனி நான் சொல்லப்போவது ஜெகநாதனைத் தவிர யாருக்கும் தெரியாது என்று ஜெகநாதன் நினைத்துக்கொண்டிருந்த விஷயம்.

அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பரிமளா தங்கையின் வளைகாப்புக்கு வந்தவாசி போனாள். தறியில் இன்னும் மூன்று முழம் பாக்கி. சனிக்கிழமை மத்தியானம் பானு ஸ்பெஷல் கிளாசுக்குப் போய்விட்டாள். மாவுக்கட்டைப் பிரித்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்த ஜெகநாதன், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, தறிக்குழியில் மெல்ல இறங்கினான்.

அவளுக்கு வேலை மிச்சமாகட்டும் என்றுதான் இறங்கியதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாதி பொய். தன் தறியில் பிறந்து தன் கையே படாமல் ஒரு புடவை வெளியே போகப் போகிறது என்பது அவனுக்குத் தாங்கவில்லை. கட்டை விரலை மிதியில் வைத்ததும் நாலு மாதத்துத் துக்கமும் கரைந்ததைப் போல இருந்தது. ஒரு முழம் நெய்தான். கால் கடுத்தது, எழுந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பரிமளா திரும்பி வந்து, மீதியை நெய்து, புடவையை அறுத்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முழம்தானே என்று அவனும் விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ஜெகநாதனின் அக்கா தேவகி வந்துவிட்டாள். அடுத்த தெருவில் வீடு. தம்பி வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவள் காதுக்குப் போகாமல் நடக்காது.

"இன்னாடா ஜெகா, நெஜமாவே போறாளா?"

"போறா."

"சங்கத்துல பொம்பள மெம்பரே இல்லையா, நானும் பாத்துகினுதான கீறேன். கிருஷ்ணம்மா இருக்கா, அபிதகுசாம்பா இருக்கா. ரெண்டு பேரும் புருஷன் போன அப்புறம் அந்த எடத்துக்கு வந்தவங்க. புருஷன குத்துக்கல்லாட்டம் வெச்சிகினு எவளாவது மனு குடுப்பாளா? ஊர்ல இன்னான்னு நெனைப்பாங்க?"

பரிமளா உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து வைத்தாள். "நான் நல்லா நெய்யறேன்னு நெனைப்பாங்க, அண்ணி."

"உனக்கு எல்லாம் வெளையாட்டு."

"அண்ணி, நீங்க எத்தன வருஷம் தார் சுத்தினீங்க?"

தேவகி காப்பியைக் குடித்தாள். "முப்பது வருஷம். அதுக்கு இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல, கேட்டேன்."

பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டிருந்த பானு நடுவில் புகுந்தாள். "அத்தை, மனுவுல தொழில்னு ஒரு எடம் இருந்துச்சு. நான் பழக்க தோஷத்துல வீட்டு வேலைன்னு எழுதிட்டேன். ரேஷன் கார்டுல அப்டித்தான இருக்குது. அம்மா அதை அடிச்சிட்டு நெசவுன்னு எழுதச் சொன்னாங்க. ரெண்டே நிமிஷம்தான் ஆச்சு."

"நீ ஸ்கூலுக்குக் கெளம்பு. ஜல்தி" என்றாள் தேவகி. ஆனால் போகும்போது பரிமளாவிடம், "புடவைக்கு மேல ஒரு துண்டு சுத்தி எடுத்துகினு போ. ரோடெல்லாம் தூசு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சங்கத்துக் கூடத்தில் எட்டு பேர் இருந்தார்கள். மேலாளர் சக்கரவர்த்தி மேஜைக்குப் பின்னால். ஜெகநாதனை ஊன்றுகோலோடு பார்த்ததும் எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். நாலு மாதம் கழித்து அந்தக் கூடத்தின் பாவுக் கஞ்சி வாசனையை முகர்ந்ததில் அவனுக்குக் கண் கலங்கியது. இருபது வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவன். அன்றைக்கு அவன் புடவையைப் பிரித்துப் பார்த்த ஆட்களில் ஒருவர் சின்னப்பையன் என்கிற பெரியவர். இன்றைக்கும் முதல் பெஞ்சில் வெற்றிலையோடு அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஜெகா, நீ நல்லாத்தான கீற? இந்தம்மாவுக்கு அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்றார் சின்னப்பையன். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஜெகநாதனும் சிரித்துவைத்தான். பரிமளா சிரிக்கவில்லை.

சக்கரவர்த்தி இரண்டு பேரை விட்டுப் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் அகலமாகப் பிடிக்கச் சொன்னார். மாம்பழக் கலர் உடல், அரக்குக் கரை. வெளிச்சம் பட்டதும் கூடம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. சக்கரவர்த்தி கட்டைவிரல் நகத்தால் உடலைத் தடவிக்கொண்டே முந்தி வரை போனார். முந்திக்குச் சற்று முன்னால் நின்றார். திரும்பி வந்தார். மறுபடி தடவினார்.

"இதுல ரெண்டு கை இருக்குது" என்றார்.

நெசவு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இழை இறுகுவதற்காக ஒவ்வொருவரும் பலகையை இழுத்து அடிக்கும் பலம் வேறு. ஒரே புடவையில் இரண்டு பேர் உட்கார்ந்தால், கை மாறிய இடத்தில் துணியில் லேசாக ஒரு பட்டை விழும். கட்டிக்கொள்கிறவளுக்குத் தெரியாது. நெய்கிறவன் கண்ணுக்குத் தப்பாது.

சின்னப்பையன் எழுந்து வந்து பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அதானே பாத்தேன். இதோ பாருங்க, இது பூரா ஜெகா அடி. இந்த இறுக்கம் ஆரணியில வேற எவனுக்கு வரும்? கண்ண மூடிகினு சொல்வேன். இங்க ஒரு முழம் மட்டும் பாரு, எப்டி நெகிழ்ந்து கெடக்குது. இதான் அந்தம்மா கை."

மற்றவர்களும் வந்து தடவிப் பார்த்துத் தலையாட்டினார்கள். "ஆமாமா, ஜெகா கைதான்." "கால் ஒடைஞ்சும் கை போவல பாரேன்." ஒருவர் அவன் முதுகில் தட்டினார்.

சக்கரவர்த்தி மெதுவாகப் பரிமளா பக்கம் திரும்பினார். "அம்மா, வீட்டுக்காரர் நெய்ஞ்சத உங்களுதுன்னு கொண்டாந்திருக்கீங்கன்னு இவங்க சொல்றாங்க. அப்டின்னா இந்த மனுவ நான் திருப்பிக் குடுத்திடணும். மறுபடியும் போட முடியாது. நீங்க இன்னா சொல்றீங்க?"

பரிமளா புடவையையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஜெகநாதன் யோசித்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாலு மாதமாகக் கட்டிலில் கிடந்தும் கெடாத கை என்ற பேரோடு வீட்டுக்குப் போகலாம். திறந்தால், இவர்கள் கொண்டாடுகிற அடி தன்னுடையது இல்லை என்றும், நெகிழ்ந்து கிடப்பதுதான் தன்னுடையது என்றும் ஒரே மூச்சில் ஒத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் டீக்கடையில் இதுதான் பேச்சாக இருக்கும்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு பழைய புதன்கிழமை ஞாபகம் வந்தது. கல்யாணமான மறு வருஷம். சாயப்பட்டறையிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டான். வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, கூடவே தறியும். எட்டிப் பார்த்தால் பரிமளா குழியில் உட்கார்ந்து, பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தபடி நெய்துகொண்டிருந்தாள். இருபது வயது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவனைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டதைப் போல எழுந்து நின்றாள். "ஏறி வா மேல, அக்கா பாத்தா பேஜாராயிடும்" என்று அவன் சிரித்தான். பிறகு உட்கார்ந்து, அவள் நெய்திருந்த நாலு விரற்கடையையும் ஒவ்வோர் இழையாகப் பிரித்தான். இரண்டு கை தெரியக் கூடாதே. அவள் பக்கத்தில் நின்று கடைசி இழை வரை பார்த்தாள்.

அதை ஒரு வேடிக்கையாக எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அந்தப் பெண் எவ்வளவு ஆசையாக நெய்திருந்தாள் என்று இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவனுக்குத் தோன்றியதில்லை. இப்போது வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"சார்" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "சார், அந்த ஒரு முழம் என்னுது."

"எந்த முழம்?"

"நெகிழ்ந்து கெடக்குதே, அது."

சின்னப்பையன் சிரித்தார். "பொண்டாட்டிய காப்பாத்தறான்பா."

"இல்லண்ணே." ஜெகநாதன் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றான். "சனிக்கிழம இவ ஊர்ல இல்ல. நான் எறங்கி உக்காந்தேன். கால்ல பலம் இல்ல, மிதி சரியா விழல, அடியும் விழல. அதான் அப்டி கெடக்குது. நீங்க கண்ண மூடிகினு சொல்வேன்னீங்களே, அது பூரா இவ கை. நான் விழுந்த அப்புறம் என் பேர்ல வந்த நாலு புடவையும் இவ நெய்ஞ்சதுதான். நீங்க எல்லாரும் இங்க வெச்சுத்தான் பாத்தீங்க. ஒண்ணுலயும் ஒரு கொறை சொல்லல."

சின்னப்பையன் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவும் மறந்துபோனார். மறுபடி குனிந்து துணியைத் தடவினார், இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சக்கரவர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். "நெஜமாம்மா?"

"நெஜம் சார்."

"ஆனாலும் ரெண்டு கை விழுந்த புடவைய நான் ஏத்துக்க முடியாது. விதி அப்டி."

"தெரியும் சார். வரும்போதே தெரியும்."

ஜெகநாதன் சட்டென்று அவளைப் பார்த்தான்.

"வேற ஒண்ணு நெய்ஞ்சு குடுக்கறீங்களா? மாசி முடியறதுக்குள்ள?"

"குடுக்கறேன்."

"அதுக்குக் குடுக்கற பாவு நூல யார் பேர்ல எழுதறது?" பழக்கத்தில் அவர் கண் ஜெகநாதன் மேல் போனது.

"என் பேர்லயே எழுதுங்க" என்றாள் பரிமளா. "பரிமளான்னு மட்டும் போதும்."

திரும்பி வருகையில் வெயில் ஏறியிருந்தது. பதினாறு வருஷமாக ரோட்டில் அவன் முன்னால் போவான், அவள் இரண்டடி பின்னால் வருவாள். இன்றைக்குக் கால் இழுத்ததில் அவன் பின்தங்கினான். கோட்டை மைதானம் வரை அவள் தன் நடையிலேயே போய், வேப்பமர நிழலில் நின்று அவன் வரும் வரை காத்திருந்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"இல்ல." அவன் மூச்சு வாங்கினான். "வரும்போதே தெரியும்னியே. எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கெழம வந்து பலகையில கை வெச்சேனே, அப்பவே."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்."

"பிரிச்சிட்டு நெய்ஞ்சிருக்கலாம். ஒரு முழம்தான். உன் கைக்கு அரை நாள் வேல. இன்னைக்கே உன்ன சேத்துகினு இருப்பாங்க."

"சேத்துகினு இருப்பாங்க." அவள் மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைப் பார்த்தபடி சொன்னாள். "அவங்க சேத்துக்கறது ஒரு மாசம் தள்ளிப் போனா பரவால்ல. எனக்கு வேற ஒண்ணு தெரியணும்னு இருந்துச்சு. அத்தன பேர் நடுவுல நீங்க வாயத் தொறப்பீங்களான்னு."

தான் வாயைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு நீளம் என்பது ஜெகநாதனுக்குத் தெரியும். அந்த நேரம் முழுக்க அவள் தன் பக்கம் திரும்பாமல் நின்றது ஏன் என்றும் இப்போது புரிந்தது. களம்பூர் பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. புழுதி அடங்கும் வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"நான் சொல்லாம இருந்திருந்தா?" என்று கடைசியில் கேட்டுவிட்டான்.

பரிமளா மஞ்சள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அதுக்கும் ஒண்ணு முடிவு பண்ணி வெச்சிகினுதான் கெளம்பினேன்."

"இன்னா முடிவு?"

"அதான் சொல்லிட்டீங்களே. இப்ப எதுக்கு அது?" என்றாள். சிரித்தாள்தான், ஆனால் சொல்லவில்லை. "வாங்க, பானு சாப்பாட்டுக்கு வந்திடுவா."

அவள் நடந்தாள். அவளோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று யோசிக்க வேண்டிய தேவை அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இன்றைக்கு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி, யோசித்துக்கொண்டே போனான். அந்த முடிவு என்னவாக இருக்கும் என்று அவனால் ஊகிக்க முடியவில்லை. அவள் அதைக் கைவிட்டுவிட்டாளா என்று கேட்கத் தைரியமும் வரவில்லை.